கருவிகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவரிடம் உறவினரும் நண்பரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ‘ஏதோ கோளாறு’ என்று சொல்லி அவற்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும், ஓர் எண்ணுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது, எந்தச் சூழல் வரும் என்று எதிர்பார்ப்பது என எப்போதோ ஒரு நிரலாளர் எடுத்த முடிவு இருக்கிறது. அந்த முடிவின் எல்லைக்கு நாம் போய்ச் சேரும்போதுதான் கருவி விநோதமாக நடந்துகொள்கிறது. கீழே உள்ள விடைகளை அந்தக் கண்ணோட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

எந்தச் சிக்கலானாலும் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கச் சொல்கிறார்களே, அதனால் உண்மையில் எதுவும் சரியாகிறதா?

பெரும்பாலும் கோளாறின் விளைவு மட்டுமே நீங்குகிறது. கோளாறு நிரலுக்குள் அப்படியேதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எந்தக் கோப்பு திறந்திருக்கிறது, எந்த இணைப்பு உயிரோடிருக்கிறது, எந்தப் பணி பாதியில் நிற்கிறது என்பவற்றையெல்லாம் நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. நாள்கணக்கில் ஓடும்போது, வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவதாலோ (இதை நினைவகக் கசிவு என்கிறோம்), இரண்டு பணிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்து நிற்பதாலோ, நிரலை எழுதியவர் நினைத்துப் பார்த்திராத ஒரு நிலைக்கு அது போய்விடுகிறது. அணைத்து இயக்கினால் அந்தக் குறிப்புகள் அழிந்து, நிரல் தன் தொடக்க நிலைக்குத் திரும்புகிறது. ஒரு நிரலின் நிலைகளில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது அதன் தொடக்க நிலைதான், ஏனென்றால் நிரலாளர் ஒரே நாளில் பலமுறை அதைத் தொடங்கிப் பார்க்கிறார். 50 நாள் விடாமல் ஓடவிட்டுப் பார்ப்பவர் மிகவும் குறைவு.

50 நாள் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்களில், கணினி தொடங்கியது முதல் கழிந்த மில்லி நொடிகளை எண்ணும் ஓர் எண்ணி 32 பிட் அளவில் (பிட் என்பது 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் ஓர் இடம்) அமைந்திருந்தது. 32 பிட்டில் சுமார் 429 கோடி வரைதான் எண்ண முடியும். அத்தனை மில்லி நொடிகள் 49 நாள் 17 மணி நேரத்தில் கழிந்துவிடும். அதன் பிறகு எண்ணி சுழியத்துக்குத் திரும்ப, கணினி செயலற்றுப் போகும். போயிங் 787 விமானங்களைப் பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2015இல் வெளியிட்ட உத்தரவும் இதே வகையைச் சேர்ந்தது. மின்னாக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த ஓர் எண்ணி, 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் நிரம்பி வழியும் என்றும், அப்போது விமானத்தின் மாறுமின் வழங்கல் முழுவதும் நின்றுபோகலாம் என்றும் அது எச்சரித்தது. நூறில் ஒரு நொடி வீதம் எண்ணிப் பார்த்தால், 31 பிட்டில் அடங்கும் சுமார் 214 கோடி சரியாக 248 நாளைத் தாண்டும்போது நிரம்புகிறது. உடனடித் தீர்வாக அந்த உத்தரவு சொன்னது, அதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்க வேண்டும் என்பதே.

0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறதே, கணினிக்குக் கூட்டல் தெரியாதா?

கூட்டல் சரியாகத்தான் நடக்கிறது. கூட்டப்பட்ட எண்கள்தாம் நீங்கள் எழுதிய எண்கள் அல்ல. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப் போனால் 0.3333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டுமே கொண்டு கணினி எழுதும் இரண்டடிமான முறையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதே கதி நேர்கிறது: 0.000110011001100 என்று 1100 என்னும் தொகுதி ஓயாமல் திரும்ப வரும். கணினி எங்கோ ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்று பெரும்பாலான மொழிகள் பின்பற்றும், 1985இல் வெளிவந்த ஐஇஇஇ 754 என்னும் தரம், 53 பிட் துல்லியத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே 0.1 என்பது உண்மையில் 0.1ஐவிட மிக மிகச் சிறிய அளவு கூடுதலான ஓர் எண். இரண்டு தோராயங்களைக் கூட்டும்போது அந்தக் கூடுதல் பதினேழாம் தசம இடத்தில் கண்ணுக்குப் படுகிறது.

பதினேழாம் இடத்துப் பிழை யாரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒருமுறை கூட்டினால் ஒன்றும் செய்யாது. ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போனால் நிலைமை வேறு. வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அமெரிக்கப் படைவீரர் 28 பேர் உயிரிழந்தனர். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடி வீதம் முழு எண்ணாக எண்ணி, பிறகு நொடியாக மாற்றுவதற்காக 0.1ஆல் பெருக்கியது. அதற்கிருந்த 24 பிட் இடத்தில் 0.1 முழுமையாக அடங்கவில்லை. அமைப்பு சுமார் 100 மணி நேரம் விடாமல் இயங்கியிருந்ததால், பிழை மூன்றில் ஒரு நொடியாக வளர்ந்திருந்தது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஏவுகணை அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலாகக் கடந்துவிடும். தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேடியது ராடார். நீண்ட நேரம் இயங்கினால் இந்த விலகல் வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ‘மிக நீண்ட நேரம்’ இயக்க வேண்டாம் என்று படையினருக்குச் சொல்லியிருந்தார்கள். எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. மென்பொருள் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இந்த நிகழ்வை நான் தவறாமல் சொல்கிறேன்.

பணத்தைக் கையாளும் நிரல்களில் பின்னத்தைத் தவிர்த்து, மிகச் சிறிய நாணய அலகை முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது இந்தக் காரணத்தால்தான்.

என் புகைப்படம் ஒன்று 1970 ஜனவரி 1ஆம் தேதி எடுக்கப்பட்டதாகக் காட்டுகிறது. அப்போது இந்தக் கருவியே கிடையாதே?

யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் மரபில் வந்த அமைப்புகள், அந்த நாளின் தொடக்கத்திலிருந்து எத்தனை நொடிகள் கழிந்தன என்ற ஒரே எண்ணாகத்தான் நேரத்தைச் சேமிக்கின்றன. தேதி தெரியாமல் போனாலோ, கடிகாரத்துக்கான சிறு மின்கலம் தீர்ந்துபோனாலோ, அந்த இடத்தில் சுழியம் இருக்கும். அந்தச் சுழியத்தை நிரல் நேர்மையாக 1970 என்று மொழிபெயர்த்துத் தருகிறது. இந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளில், உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்குப் பிறகு இடம் போதாமல் போகும். அடுத்த நொடி 1901ஆம் ஆண்டாகத் தெரியும். புதிய இயங்குதளங்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பதிக்கப்பட்டு, யாரும் புதுப்பிக்காமல் விட்ட சிறு கருவிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பிப்ரவரி 29 வந்தால் மட்டும் சில சேவைகள் ஏன் நின்றுபோகின்றன?

நாட்காட்டி மனிதர்கள் பேசி முடிவு செய்த ஒன்று. அதன் விதிவிலக்குகளை யாராவது ஒவ்வொன்றாக நிரலில் எழுதியாக வேண்டும். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஜூர் மேகச் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும், ஓராண்டு செல்லும் சான்றிதழை உருவாக்கிய நிரல், அன்றைய தேதியில் ஆண்டோடு ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாளே இல்லாததால் சான்றிதழ் உருவாகவில்லை.

அதைவிட நுட்பமான ஒன்று, அதே நிறுவனத்தின் ஜூன் (Zune) என்னும், பாட்டுக் கேட்கும் சிறு கருவியில் 2008 டிசம்பர் 31 அன்று நடந்தது. 1980 தொடக்கம் முதல் கடந்துபோன மொத்த நாட்களிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு சுழற்சி அதில் இருந்தது. அதன் வேலையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: மீதமுள்ள நாட்கள் 365ஐவிடக் கூடுதலாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்க, அது லீப் ஆண்டானால், நாட்கள் 366ஐவிடக் கூடுதலா என்று பார்த்து, ஆமெனில் 366ஐக் கழித்து ஆண்டை ஒன்று கூட்டுக, லீப் ஆண்டு இல்லையானால் 365ஐக் கழித்து ஆண்டை ஒன்று கூட்டுக. படிக்கும்போது குறை எதுவும் தெரியாது. லீப் ஆண்டின் கடைசி நாளில் மீதம் சரியாக 366 இருக்கும். அது 365ஐவிடக் கூடுதல், ஆகவே சுழற்சி நிற்காது. 366ஐவிடக் கூடுதல் அல்ல, ஆகவே எதுவும் கழியாது. கருவி அந்த வரிகளையே சுற்றிச் சுற்றி வந்தது. மின்கலம் தீரும்வரை விட்டுவிட்டு, மறுநாள் நண்பகலுக்குப் பின் இயக்கும்படி பயனர்களுக்குச் சொல்லப்பட்டது; தேதி மாறியிருந்ததால் கருவி சரியாகத் தொடங்கியது.

எக்ஸெலில் 1900 பிப்ரவரி 29 என்ற தேதி செல்லுபடியாகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1900 லீப் ஆண்டு அல்ல. அதற்கு முன் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. அதன் கோப்புகள் மாறாமல் திறக்க வேண்டும் என்பதற்காக எக்ஸெல் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்று திருத்தினால் உலகெங்கும் உள்ள விரிதாள்களில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால், பிழை நிலைத்துவிட்டது. மார்ச் 1, செப்டம்பர் 1 என்று படிக்கத்தக்க குறியீடுகளைக் கொண்டிருந்த மனித மரபணுக்களை விரிதாள் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டு 2020இல் புதிய நெறிமுறையை வெளியிட்டது. மென்பொருளின் பழக்கத்துக்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது எனக்கு வருத்தம்தான். ஆயினும் அந்த முடிவு நியாயமானது.

திரையில் தெரியும் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்கிறதே?

தமிழில் எழுதும் எல்லோரும் என்றாவது இதைச் சந்திப்பார்கள் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன். ஒருமுறை நான் பணிபுரிந்த இடத்தில், பெயர்ப்பட்டியலில் ‘கோமதி’ என்று தேடினால் ஒருவர் மட்டும் வருவதில்லை என்று முறையீடு வந்தது. பட்டியலை உருட்டிப் பார்த்தால் அந்தப் பெயர் இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, முன்னும் பின்னும் இடைவெளி இல்லை. கடைசியில், தேடப்பட்ட சொல்லையும் பட்டியலில் இருந்த சொல்லையும் குறியெண்களாக (எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் கணினியில் உள்ள எண்கள்) பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டேன். ஒன்றில் ஐந்து குறியெண்கள், மற்றொன்றில் ஆறு. முதலாவதில் க, அதையடுத்து ஓகார உயிர்க்குறி ஒரே குறியெண்ணாக இருந்தது. இரண்டாவதில் க, ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, அதன்பின் துணைக்கால் எனத் தனித்தனியே இருந்தன. திரை இரண்டையும் ஒரே ‘கோ’வாகத்தான் வரையும், எண்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

இவ்விரண்டும் ஒன்றே என்று, இந்தக் குறியெண்களை வகுத்த யூனிகோட் தரம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயல்பாடு ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. அன்று அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் பெயர் கிடைத்துவிட்டது. இயல்பாக்கத்தாலும் தீராத சிக்கல்கள் உண்டு. ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; ஆனால் அது ‘கெள’ என்ற இரண்டு எழுத்துகள். தமிழ் எண் ௧ என்பதும் ககரமும் அப்படியே.

சொல்லின் நீளத்தைக் கேட்டாலும் இதே குழப்பம் வரும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட் (ஒரு பைட் 8 பிட்). குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து என்ற வரம்பு தமிழுக்கு 70ஆகக் குறைவதும் இதனோடு தொடர்புள்ளதே: ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம், ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், தமிழ்க் குறியெண்ணுக்கு 16 பிட் தேவை. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று படிவத்தில் வரம்பு வைப்பவர்கள், எதை எழுத்து என்று எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

500 ஜிபி வட்டு வாங்கினேன். கணினி 465 என்கிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. வட்டு தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் இரண்டின் முப்பதாம் அடுக்கை, அதாவது சுமார் 107 கோடி பைட்டை, ஒரு ஜிபி என்கிறது. பின்னதற்கு கிபிபைட் (GiB) என்ற தனிப்பெயர் 1998இலேயே தரப்பட்டும், அது மக்கள் வழக்கில் பரவவில்லை.

பதிவிறக்கமும் நிறுவலும் 99 விழுக்காட்டில் ஏன் நின்றுவிடுகின்றன?

அந்தப் பட்டை காட்டுவது பெரும்பாலும் நேரத்தை அல்ல, முடிந்த வேலைகளின் எண்ணிக்கையை. நூறு கோப்புகளில் தொண்ணூற்றொன்பதை நகலெடுத்தாயிற்று என்றால் 99. நூறாவது கோப்பு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கலாம். நகலெடுத்த பிறகு சரிபார்ப்பது, தற்காலிகக் கோப்புகளை அழிப்பது போன்ற, எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க முடியாத பணிகளும் கடைசியில்தான் வருகின்றன.

என் கைப்பேசியில் சிக்கல் வருகிறது. மென்பொருள் எழுதியவரோ தன்னிடம் வரவில்லை என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு பணிகள் ஓர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். எண்ணிக்கை 10 என்று முதல் பணி படிக்கிறது. அது 11 என்று எழுதுவதற்குள் இரண்டாம் பணியும் 10 என்று படித்துவிடுகிறது. இரண்டும் 11 என்று எழுதுகின்றன. 12 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருக்கிறது. இந்த முந்துதல் நடப்பதும் நடக்காததும் அந்தக் கணத்தில் எந்தப் பணி எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைப் பொறுத்தது. என் கணினியில் ஆயிரம் முறை ஓட்டினாலும் வராதது, உங்கள் கருவியில் முதல் முறையே வரலாம். கண்டுபிடிப்பதற்காக இடையில் ஒரு குறிப்பை அச்சிடச் சொன்னால், அந்தச் சிறு தாமதத்தாலேயே பிழை மறைந்துவிடுவதும் உண்டு. இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை ஒட்டி, தேடப்போனால் மறையும் இத்தகைய பிழைகளை ஹைசன்பக் என்பார்கள் (பக் என்றால் நிரல்பிழை).

எல்லாம் சோதித்துப் பார்த்துத்தானே வெளியிடுகிறார்கள், பிறகும் பிழை எப்படி வருகிறது?

இயக்கலாம் அல்லது நிறுத்தலாம் என்ற அளவிலான 20 அமைப்புகள் மட்டுமே கொண்ட ஒரு செயலிக்கும், அவற்றின் சேர்க்கைகள் பத்து லட்சத்தைத் தாண்டும். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. நிகழக்கூடியவை என்று நாம் கருதுபவற்றையே சோதிக்கிறோம். அந்தக் கருத்து மாறிவிட்ட இடத்தில் சோதனையும் பயனற்றுப் போகும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் 40 நொடிகளில் வெடித்து முடிந்தது. ஏரியன் 4இல் பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய நிரல்பகுதியையே அதில் பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் கூடுதல். அதைச் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட்டிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது, அங்கே அடங்கக்கூடிய உச்ச அளவான 32,767ஐ அது மீறியது. மாற்றாக வைத்திருந்த இரண்டாம் கணினியிலும் அதே நிரல் ஓடியதால், அதுவும் அதே காரணத்தால் நின்றது.

பிழையைக் கண்டால் அதை எப்படித் தெரிவிக்க வேண்டும்?

‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் வரும் முறையீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் தேட முடியாது. நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள். பிழைச்செய்தி வந்திருந்தால் அதைச் சுருக்காமல், உங்கள் சொற்களில் மாற்றாமல், அப்படியே தாருங்கள். கருவியின் வகை, மென்பொருளின் பதிப்பு, நடந்த நேரம் ஆகியவை தேவை; அணைத்து இயக்கியதும் சரியாகிவிட்டது என்றால், அதற்குமுன் எத்தனை நாள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். தேடல் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் தட்டச்சு செய்த சொல்லைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பாமல், நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். படத்தில் எழுத்தின் உருவம் மட்டுமே இருக்கும். ‘கோமதி’ ஐந்து குறியெண்ணா ஆறா என்பதை ஒட்டப்பட்ட சொல்லிலிருந்துதான் பார்க்க முடியும்.